இடது பக்க இருக்கை

ஆகஸ்ட் 19

பழனி ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். மயக்கம் வந்ததா, கை கால் இழுத்ததா, மாத்திரை போட்டேனா, தூக்கம் எப்படி. உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. என் மனைவி மயிலா துடைத்துக் கொடுத்தாள்.

மயக்கம் இல்லை. இழுக்கவில்லை. மாத்திரை போட்டேன். தூங்கினேன்.

இதற்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? மீதி இடத்தில் வேறு ஏதாவது எழுதலாம்.

நடந்தது இதுதான். போன வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காயை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். நம் தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டது. வண்டி கத்தாழை வேலிக்குள் போய் நின்றது. ஒரு பக்க விளக்கு உடைந்தது. எனக்கு நாக்கில் மட்டும் காயம். பக்கத்துத் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் காளியண்ணன்தான் முதலில் ஓடி வந்தார். என் வாயில் நுரை வந்ததாகவும் கை வெட்டி வெட்டி இழுத்ததாகவும் டாக்டரிடம் சொல்லிவிட்டார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

வலிப்பு என்றார் டாக்டர். இனி வண்டி ஓட்டக்கூடாதாம். "எவ்வளவு நாளைக்குங்க?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் 22

மயக்கம் இல்லை. மாத்திரை போட்டேன்.

விளக்கை மாற்ற மெக்கானிக் சிக்கந்தர் வந்திருந்தார். வேலியில் மோதியதற்கு வேறு ஒன்றும் ஆகவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அடிச்சட்டம் ஊசி மாதிரி நேரா நிக்குதுங்கண்ணா. இன்னிக்கு வர்ற வண்டியா இருந்தா மூஞ்சி அப்பளமாயிருக்கும்."

இந்த பிக்கப்பை நாங்கள் வாங்கியது எங்கள் மகள் கௌசல்யா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். அப்போதே அது ஒரு கை மாறி வந்த வண்டி. ஒரு காலத்தில் நீலம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் வெயில் நிறம் என்றுதான் சொல்ல வேண்டும். இடது பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது; கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொள்ள வேண்டும். இரண்டாவது கியர் லேசில் விழாது. செல்ஃப் மோட்டார் நினைத்தால் எடுக்கும், நினைக்காவிட்டால் எடுக்காது. அதனால் எப்போதும் களத்து மேட்டில் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவேன்; உருட்டிவிட்டு கியர் போட்டால் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அது ஏற்றாத பொருள் கிடையாது. முருங்கை, சின்ன வெங்காயம், மக்காச்சோளம், சினைமாடு, கௌசல்யா கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் பண்டம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்க் கால் வீங்கியவர்களை எத்தனையோ முறை திரும்ப அழைத்து வந்திருக்கிறது. புது வண்டிக்கு ஏதாவது என்றால் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து செருக வேண்டும். இதற்கு ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 28

திருப்பூரிலிருந்து கௌசல்யா போன் செய்தாள்.

"அப்பா, அந்த ஓட்ட வண்டிய இன்னும் எதுக்குப்பா வெச்சிருக்கீங்க? குடுத்துருங்க. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க."

"காடு?"

"காட்டைக் குத்தகைக்கு விடுங்க."

அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். அவள் மீது தப்பில்லை. பயத்தில் பேசுகிறாள்.

காய் ஏற்றப் பேசி வைத்த வாடகை வண்டிக்காரர் இன்றும் நேரத்துக்கு வரவில்லை. காய் பறித்துக் கட்டு கட்டிப் பாதையோரம் அடுக்கிவிட்டு, மயிலா சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வந்தபோது மார்க்கெட்டில் ஏலம் முடிந்திருந்தது. முருங்கை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நாள் தவறினால் முற்றி விறகாகிவிடும். கட்டுகளைப் பிரித்து மாட்டுக்குப் போட்டாள்.

செப்டம்பர் 2

மயக்கம் இல்லை.

நெடுநாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், மயிலா பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் வண்டியை எடுத்துத் தோட்டத்து கேட் வரை ஓட்டிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் ஓடியது. கேட்டுத் தூணில் வண்டியின் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அது முன்னமே இருந்திருக்க வேண்டும். வண்டிப் பக்கவாட்டிலும் ஒரு நீளக் கோடு தெரிகிறது.

கேட்டிலிருந்து களத்து மேடு வரை எப்படித் திரும்பி வந்தேன் என்பது சரியாக ஞாபகம் இல்லை. பழகிய பாதைதானே.

செப்டம்பர் 3

காலையில் மயிலா கேட்டுத் தூணைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய சாவியை எடுத்துத் தாலிக்கொடியில் இருந்த ஊக்கில் கோத்து உள்ளே போட்டுக்கொண்டாள்.

"பேட்டரி எறங்கிரும் மயிலா."

"எறங்குனா எறங்கட்டுங்க மாமா. சிக்கந்தர் தம்பிக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு?"

"வண்டி ஓட்டப் பழகோணும்."

"யாரு?"

அவள் வாளியை எடுத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். ஐம்பது வயதில்! மொபெட்டே ஓட்டாதவள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போன் போட்டேன்.

செப்டம்பர் 6

கீழ்க்காட்டுத் தரிசில் முதல் பாடம். புடவைக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். இருக்கை பள்ளமாக இருக்கிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை என்று சாக்கை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். சிக்கந்தர் பக்கத்தில். நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

வண்டி குதித்தது, நின்றது. குதித்தது, நின்றது. கொக்குகள் எல்லாம் பறந்துபோயின.

"கிளட்ச்ச மெதுவா விடுங்கக்கா" என்று சிக்கந்தர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "தம்பி, அதை அமுக்குனா உள்ள என்னதான் நடக்குது? அது தெரியாம கால வெச்சா எப்படி?"

எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. சிக்கந்தர் சாப்பாட்டுக் கூடையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று உரச வைத்துக் காட்டினார். ஒன்று இஞ்சினோடு சுற்றுகிறது, ஒன்று சக்கரத்தோடு. இரண்டும் ஒட்டினால்தான் வண்டி போகும். பட்டென்று ஒட்டினால் திமிறும். அவள் தட்டுகளை வாங்கித் தானே நாலைந்து முறை உரசிப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி குதிக்கவில்லை. தரிசை ஒரு வட்டம் சுற்றி என் எதிரே வந்து நின்றது.

செப்டம்பர் 9

மாத்திரை போட்டால் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது. இரவு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். டாக்டரிடம் டைரியைக் காட்டும்போது இந்தப் பக்கத்தை மட்டும் பசை வைத்து ஒட்டிவிட வேண்டும்.

செப்டம்பர் 17

மயிலாவுக்குப் பழகுநர் உரிமம் வந்துவிட்டது. போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய செய்தி இரண்டாவது கியர். இத்தனை வருஷமும் நான் பல்லைக் கடித்து இழுத்துத் திணிப்பேன், அது 'கர்ர்' என்று கத்தும். அவள் கிளட்ச்சை ஒருமுறை அமுக்கி கியரை நடுவில் கொண்டுவந்து விடுகிறாள். மறுபடி ஒருமுறை அமுக்கித் தள்ளுகிறாள். வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. கத்துச்சு. கத்தாம எப்படி உள்ள போகும்னு பார்த்தேன்."

வரப்பில் நின்றபடி கத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் வரை வரவே இல்லை.

செப்டம்பர் 25

டீ ஆறிப்போயிருந்தது. கொடுத்தது எப்போது என்று தெரியவில்லை. எறும்பு வேறு.

மயக்கம் இல்லை.

அக்டோபர் 6

மேல்காட்டிலிருந்து வெங்காயம் ஏற்றி வரும்போது வண்டி நடுப் பாதையில் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போவதற்குள் மயிலா முன்மூடியைத் தூக்கிக் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்தாள்.

"நான் பாக்கறேன், நகரு."

"சொல்லுங்க, நான் பண்றேன். நாளைக்கு மார்க்கெட் ரோட்டுல நின்னா நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?"

அந்தக் கேள்வி எங்கேயோ குத்தியது. நான் சொன்னேன், அவள் செய்தாள். திருகைத் தளர்த்தி, பம்பின் குமிழைக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை போய்ச் சுத்த டீசல் வழிந்ததும் திருகை இறுக்க வேண்டும். கையெல்லாம் டீசல், நெற்றியில் ஒரு கருப்புக் கோடு. வண்டி உறுமி எழுந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. கௌசல்யா பிறந்தபோது ஒருமுறை அப்படிச் சிரித்தாள்.

இதை எழுதச் சொல்லி டாக்டர் கேட்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 19

உரிமம் கிடைத்தது. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்களாம். கூடவந்த இளவட்டங்கள் எல்லாம் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கம்பத்தில் இடித்தார்களாம். இவள் இறங்கிப் போய்ப் பின்னால் உள்ள இடத்தை நடந்து பார்த்துவிட்டு, ஏறி ஒரே மூச்சில் எடுத்தாளாம். கூடப் போன சிக்கந்தர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

அக்டோபர் 21

அவள் ஓட்ட, மார்க்கெட்டுக்கு முதல் முறை. நான் இடது பக்கம்.

இந்த வண்டியில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் சாலை வேறு மாதிரி இருக்கிறது. லாரி எதிரே வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அமுக்குகிறது. அங்கே பிரேக் இல்லை.

"எதுக்குங்க மாமா காலைப் போட்டு மிதிக்கிறீங்க? தகரம் ஓட்டையாயிரும்."

"மெதுவா போ."

"இதுக்கு மேல மெதுவா போனா நின்னுருங்க."

மார்க்கெட் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் என்னிடம் வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு சொகமில்லீங்களா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். சுமை இறக்குகிறவர் ஒருவர், "வாங்க, வாங்க, ஸ்டீரிங்க ஒடிங்க, ஒடிங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். மயிலா தலையை வெளியே நீட்டி, "அண்ணா, நீங்க குறுக்க நிக்கறதுதான் இடைஞ்சல். கொஞ்சம் ஒதுங்குங்க" என்றாள். இரண்டு லாரிக்கு நடுவில் இரு பக்கமும் ஒரு முழம் மட்டும் விட்டுக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

நான் இறங்கக் கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்தேன். முதுகு ஏனோ நிமிர்ந்திருந்தது.

நவம்பர் 4

மழை பிடித்துவிட்டது. மலை முழுவதும் மேகம்.

மயிலா மழைக்கு முன்பே வண்டிக்கு வேண்டியதெல்லாம் செய்துவிட்டாள். பின்தொட்டியில் துரு பிடித்த இடங்களைச் சுரண்டிச் செம்பூச்சு அடித்தாள். இரண்டு துடைப்பானில் என் பக்கத்தது நன்றாக இருந்தது, ஓட்டுகிற பக்கத்தது ரப்பர் போய்விட்டது. இரண்டையும் மாற்றிப் போட்டாள். "உங்களுக்கு முன்னால தெரியோணும்னு அவசியமில்லீங்க" என்றாள். நியாயம்தான்.

நவம்பர் 12

விடாத மழை. மக்காச்சோள மூட்டைகளை வண்டியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. நாளை காலை மழை விட்டால் கொண்டுபோவோம். நம் வழியில் இருக்கும் தரைப்பாலத்தில் ஓடைத் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறதாம்.

மாத்திரை பாதி போட்டேன். நேற்று போட்டேனா என்று நினைவில்லை.

நவம்பர் 18

பழனி, ஆஸ்பத்திரி. நடுவில் எழுதவில்லை. கையில் ஊசி குத்தியிருக்கிறது. எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி காலை, வெங்காயக் காட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட மண்வெட்டியோடு போனது நினைவிருக்கிறது. மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு இந்தக் கட்டில்தான். நடுவில் உள்ளதைக் காளியண்ணன் சொன்னார். பார்க்க வந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நர்ஸ் இரண்டு முறை அதட்டியும் குரலைக் குறைக்காமல் சொன்னார்.

"வாய்க்காலுக்குள்ள குப்புற கெடந்தீங்கண்ணா. அக்காதான் மொதல்ல பாத்தாங்க. நான் வர்றதுக்குள்ள உங்களைப் பெரட்டிப் போட்டு, வாயில இருந்த சேத்தை வெரல விட்டு எடுத்துட்டாங்க. ஒருக்கா இழுத்து நின்னுச்சு. நெனப்பு வர்றதுக்குள்ள மறுக்கா இழுத்துச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வந்துச்சு. ஆனா பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுருச்சு. மொழங்கால் வரைக்கும் தண்ணி, எப்படி வருவான்?"

"அப்புறம்?"

"நான் சொன்னேன், மூட்டையெல்லாம் எறக்கிப் போட்டுட்டு வெறும் வண்டியா வேகமா போயிரலாங்க்கான்னு. அக்கா கேக்கல. 'வெறும் வண்டின்னா தண்ணி தூக்கிரும் காளியண்ணா. பாரம் கெடக்கட்டும்'னாங்க. உங்களை மூட்டை மேல படுக்கவெச்சு, ஒருக்களிச்சுப் புடிச்சுக்கச் சொன்னாங்க. செல்ஃப் எடுக்கல. எனக்கு உசுரே போயிருச்சு. அவங்க பதறல. பிரேக்க விட்டாங்க, களத்து மேட்டுச் சரிவுல உருண்டுச்சு, ரெண்டாவதுல போட்டாங்க, எடுத்துருச்சு!"

களத்து மேட்டில்தான் அவளும் நிறுத்தியிருக்கிறாள்.

"பாலத்துக்கிட்ட போயி வண்டிய அணைக்காம நிறுத்தி எறங்கினாங்க. கயித்த இடுப்புல கட்டி என் கையில குடுத்துட்டு, மூங்கில ஊனிக்கிட்டு அந்தக் கடைசி வரைக்கும் நடந்து பாத்தாங்க. பாலம் எங்கயாச்சும் அரிச்சிருக்குதான்னு. நான் வண்டி மேல உக்காந்து, ஒரு கையில கயித்தையும் ஒரு கையில உங்களையும் புடிச்சுக்கிட்டேன். திரும்பி வந்து, 'கல்லு பூரா இருக்குது, போலாம்'னாங்க. ஒண்ணாவதுல போட்டாங்க. பாதியில வண்டி ஒரு பக்கம் இழுக்குதுங்கண்ணா. நான் 'நிறுத்துங்கக்கா'ன்னு கத்தினேன். காலை எடுக்கவே இல்ல. ஒரே சீரா, மாடு ஏர்ல போற மாதிரி போயி அந்தக் கரையில ஏத்திட்டாங்க."

ஆம்புலன்சில் என்னை மாற்றியதும், அவள் ஏறவில்லையாம். காளியண்ணனை என்னோடு ஏற்றிவிட்டு, வண்டியைப் பின்னாலேயே ஓட்டி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இழுப்பு நின்று, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வாசலில் போய்க் கொஞ்ச நேரம் அழுதாளாம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "காளியண்ணா, இவரைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"எங்க போனா?"

"மக்காச்சோளத்த மார்க்கெட்டுல போட்டுட்டு வரத்தான். தார்ப்பாய்க்கு உள்ள ஒரு சொட்டுத் தண்ணி எறங்கலீங்கண்ணா."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காளியண்ணன் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. சரிவு பார்த்து நிறுத்தியிருந்தாள்.

நவம்பர் 20

டாக்டர் வந்தார். "இதுக்கு நடுவுல எப்பவாச்சும் வந்ததுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மயிலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"வருதுங்க. இழுக்கறதில்ல. சோத்துல வெச்ச கை அப்படியே நின்னுரும். பேர் சொல்லிக் கூப்புட்டா கண்ணு என்னைப் பாக்கும், ஆனா அவரு அதுல இருக்க மாட்டாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி சாப்புடுவாரு. டீக் குடிக்கறப்ப வந்துருக்குது. களத்துல வந்துருக்குது. ஒருக்கா வண்டி ஓட்டறப்பவும் வந்துருக்கோணும்."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா பயந்துருவாரு. நான் பக்கத்துல இருந்துட்டா போதும்னு நெனச்சேன். அது என் தப்புங்க."

நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் பாதி மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன். டாக்டர் போனதும் மயிலா என் போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டாள்.

இத்தனை நாளும் அவள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. முழு மாத்திரை. மந்தமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

கௌசல்யாவும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வண்டி வாங்க ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், கதவை ஆட்டிப் பார்த்தார். உடைக்கிற இரும்புக்குத்தான் ஆகும் என்றார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. உண்மையைச் சொன்னால், இந்த வயதில் அவள் தலையில் இதையெல்லாம் ஏற்றிவிட்டேனே என்று இருந்தது. நான் ஓட்டாத வண்டியை வைத்துக்கொண்டு அவளை ஏன் வதைக்க வேண்டும்? "உங்க இஷ்டம் மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டேன்.

மயிலா சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மாப்பிள்ள, தப்பா நெனைக்காதீங்க. இது கொடுக்கறதுக்கு இல்ல."

"அத்த, மாமாவுக்கு முடியல..."

"மாமாவுக்குத்தானே முடியல? எனக்கு என்ன?"

"ஏம்மா உனக்கு இந்தக் கஷ்டம்?" என்றாள் கௌசல்யா. அவள் கண் கலங்கியிருந்தது.

"யாரு கஷ்டம்னு சொன்னது கண்ணு? இந்தக் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஒரு எடத்துக்குப் போகோணும்னா, உங்கப்பன் எப்ப வருவாரு, பஸ் எப்ப வரும்னுதான் நின்னிருக்கேன். இப்ப நெனச்சா போறேன். எனக்குப் புடிச்சிருக்குது."

வாங்க வந்தவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இத்தனை வருஷம் சாலையோரம் அவள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 11

அடுத்த வாரம் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பழைய வண்டி என்பதால் ஒவ்வொரு வருஷமும் காட்டித்தான் ஆக வேண்டும். தேறாவிட்டால் சாலையில் ஓட்ட முடியாது.

எனக்கும் வேலை கிடைத்தது. நானும் சிக்கந்தரும் பிரேக் கட்டைகளை மாற்றினோம். நம்பர் பலகைக்கு நான் பெயிண்ட் அடித்தேன். இடது பக்கக் கதவின் கைப்பிடியைப் பிரித்து உள்ளே இருந்த முறிந்த கம்பியைக் கண்டுபிடித்து மாற்றினேன். இனி உள்ளிருந்தே திறக்கும். இவ்வளவு காலம் ஏன் செய்யவில்லை என்று மயிலா கேட்டாள்.

"இந்தப் பக்கம் நான் உட்காரலையே" என்றேன்.

டிசம்பர் 17

தகுதிச் சான்று மைதானத்தில் நீள வரிசை. புது லாரிகள், பள்ளிக்கூட வண்டிகள், எல்லாம் பூ மாலை போட்டு, சந்தனம் வைத்து. நம் வண்டிக்கும் மயிலா ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தாள்.

ஆய்வாளர் இளைஞர். அடியில் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு விளக்காகப் போடச் சொன்னார். தொட்டியின் செம்பூச்சைத் தட்டிப் பார்த்தார். பிறகு, நான் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓனர் நீங்கதானுங்களே? ஏறுங்க பெரியவரே. ஒரு ரவுண்டு போயி பிரேக் புடிச்சுக் காட்டுங்க."

வரிசையில் பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு என்றால் சொல்லியிருப்பேன், உடம்பு சரியில்லை, இன்று மட்டும் இவள் ஓட்டுவாள் என்று.

"டிரைவர் அவங்கதானுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் மயிலாவைப் பார்த்தார். சட்டையை மேலே போட்டுக்கொண்டிருந்தவள் அதன் பொத்தானைப் போட்டாள், ஏறினாள்.

"அப்ப நீங்க?"

"நான் கூடப் போறவனுங்க."

மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, கோட்டின் மேல் பிரேக் பிடித்தாள். வண்டி இம்மி பிசகாமல் நின்றது. ஆய்வாளர் குனிந்து சக்கரத்தடத்தைப் பார்த்தார். "வண்டி நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். என்னிடம் இல்லை, அவளிடம்.

அங்கேயே சாப்பிட்டோம். திரும்பும்போது வெயில் இதமாக இருந்தது. மழைக்குப் பிறகு மலை பச்சென்று துலக்கமாகத் தெரிந்தது. அவள் கரும்பு லாரி ஒன்றுக்குப் பின்னாலேயே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது வண்டி நம் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. கதம்பம் வாடியிருந்தது. அவள் இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பாதி வழி காணாமல் போயிருக்கிறதே.

"மயிலா, மறுபடி வந்துருச்சா?"

"என்னது?"

"நான் எங்க போயிட்டேன்?"

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எங்கயும் போகலீங்க மாமா. கொறட்டை விட்டீங்க. பின்னால ஏதோ லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறானோன்னு நான் ரெண்டு தடவை ஒதுங்கிக் குடுத்தேன்."

ஓடுகிற வண்டியில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. பஸ்ஸில்கூட, முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

மயக்கம் இல்லை. மாத்திரை போட்டேன். தூங்கினேன்.